95,000 ரூபாவுக்கு நல்ல கொம்ப்ரசரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்

கொழும்பில் கார் ஓட்டுகிறவர்கள், முக்கியமாக ஏசி போட்டால் சத்தம் வருகிறது என்று கராஜுக்குப் போக இருப்பவர்கள், போவதற்கு முதல் இதை வாசியுங்கள்.

என்னுடையது பழைய ஜப்பான் கார். போன மாதம் முன்பக்கத்தில் கரகரவென்று ஒரு சத்தம் தொடங்கியது, அம்மியில் மணல் போட்டு அரைக்கிற மாதிரி. ஏசி போட்டால் கூடும், நிறுத்தினால் குறையும், ஆனால் முழுசாக நிற்காது. அந்த "முழுசாக நிற்காது" என்பதுதான் விஷயமே, அதை நான் கவனிக்கவில்லை. காலி வீதிக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிற ஒரு கராஜில் விட்டேன். கராஜ்காரர் பொனட்டைத் திறந்தார், ஏசியை ஒரு தடவை போட்டு நிறுத்தினார், இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "அண்ணா, கொம்ப்ரசர் போய்விட்டது, ஓடினால் இறுகி பெல்ட்டும் அறும், நடுரோட்டில் நிற்பீர்கள்" என்றார். கொம்ப்ரசர் என்றால் ஏசி காஸை அமுக்குகிற பம்ப். ரீகண்டிஷன் கொம்ப்ரசர், அதாவது திருத்தி விற்கிற பழையது, 78,000, கூலியும் ஏசி காஸும் 17,000. பயந்துபோய்ச் சரி என்றேன்.

மூன்றாம் நாள் வெள்ளவத்தை நெரிசலில் நிற்கும்போது அதே சத்தம். திரும்பப் போனால், "புதுசு மாட்டினால் அப்படித்தான், ஓட ஓட செட் ஆகும்" என்றார். கொம்ப்ரசர் என்ன புதுச் செருப்பா, போடப் போடப் பழக?

கடைசியில் மச்சான் கொட்டாஞ்சேனையில் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, பெல்ட் ஓடுகிற சக்கரங்களான புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினார். கொம்ப்ரசர் புல்லி சத்தமில்லாமல் லேசாகச் சுற்றியது. பெல்ட்டுக்கு வழிகாட்டுகிற சின்னச் சக்கரமான ஐட்லர் புல்லி கரகரத்தது. பெல்ட் இல்லாமலே சில விநாடி ஸ்டார்ட் செய்து காட்டினார், சத்தமே இல்லை. ஐட்லர் மாற்றக் கூலியோடு 7,500 ரூபா, அவ்வளவுதான்.

அவர் விளக்கினதை என் பாஷையில் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்வரை பெல்ட் கொம்ப்ரசரின் புல்லியைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஏசி போட்டாலும் போடாவிட்டாலும். பட்டனை அழுத்தும்போதுதான் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்குக் (கொயில்) கரண்ட் போய், காந்தம் முன் தட்டை (இதுதான் கிளட்ச்) 'டக்' என்று இழுத்துப் பிடிக்கும், அப்போதுதான் கொம்ப்ரசரின் தண்டு சுற்றி காஸை அமுக்கத் தொடங்கும். ஆகவே ஏசி போட்டால் மட்டும் சத்தம் வந்து, நிறுத்தினதும் சுத்தமாக நின்றால் கொம்ப்ரசரின் உள்பக்கத்தையோ கிளட்ச்சையோ சந்தேகப்படலாம். நிறுத்தின பிறகும் சத்தம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட் ஓடுகிற பாதையில் உள்ள பெயரிங்குகள்: புல்லி பெயரிங், ஐட்லர், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், பற்றரியைச் சார்ஜ் செய்கிற ஓல்டர்நேட்டர். அப்படியென்றால் ஏசி போட ஏன் கூடியது? கொம்ப்ரசர் வேலை செய்யும்போது பெல்ட்டுக்குப் பாரம் ஏறும், அந்தப் பாரம் ஏற்கனவே தேய்ந்த ஐட்லரில் விழும், அது இன்னும் கத்தும். பழி மட்டும் கொம்ப்ரசருக்கு. (கிளட்ச் இல்லாத கொம்ப்ரசரும் உண்டு, ஹைபிரிட் கார்களில் பெல்ட்டே இல்லாமல் கரண்டில் ஓடுவதும் உண்டு. அவற்றுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. ஹைபிரிட்டில் ஒயிலும் வேறு, சாதாரண கொம்ப்ரசர் ஒயிலை ஊற்ற விட்டுவிடாதீர்கள்.)

எனக்கு வயிறு எரிந்தது இதற்கு அல்ல. கொம்ப்ரசர் உண்மையிலேயே உள்ளே உடைந்திருந்தால் இரும்புத் தூள் காஸோடும் ஒயிலோடும் ஏசியின் குழாய் லைன் முழுக்கப் போயிருக்கும். லைனைக் கழுவ வேண்டும், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரை மாற்ற வேண்டும், பிறகு குறைந்தது அரை மணித்தியாலம் வேக்குவம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுத்த பிறகுதான் காஸ் அடிக்க வேண்டும். அந்த முதல் கராஜ்காரர் நான் பார்க்கப் பார்க்க மாட்டி முடித்த கையோடு காஸ் அடித்தார், டிரையரைத் தொடவே இல்லை. அவர் சொன்ன வருத்தம் உண்மையென்றால் வைத்தியம் பிழை, வைத்தியம் சரியென்றால் வருத்தமே பொய். கொழும்பின் ஈரக் காற்று லைனுக்குள் போனதில் குளிரும் குறைந்துவிட்டது. டிரையர் மாற்றி, வேக்குவம் போட்டு, திரும்ப காஸ் அடிக்க இன்னொரு 19,000.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம் என்று மச்சான் சொன்னார். எடுத்து எதைக் காட்டுவது? என்னிடம் இருந்தது "ஏசி வேலை 95,000" என்று எழுதிய அரைத் தாள், கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

சரி, கழற்றின என் பழைய கொம்ப்ரசரையாவது தாருங்கள் என்று போய்க் கேட்டேன். பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். இப்போது அது யாருடைய காரில் 'ரீகண்டிஷன்' என்று 78,000 ரூபாவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறதோ.