சுழல்: ரெஜினா மேடமுக்காகவே பாக்கலாம்

2022ல வந்த சுழல் வெப் சீரிஸோட முதல் சீசன் இப்பதான் பாத்தோம், கடலூர்ல எங்க வீட்ல அம்மா, சித்தி, நான், ரெண்டே நைட்ல 8 எபிசோடும் முடிச்சாச்சு. போலீஸ் கதைன்னா குற்றவாளி யாருன்னு தேடுறது மட்டும்தான்னு நெனச்சிருந்தேன், ஸ்ரேயா ரெட்டி பண்ண இன்ஸ்பெக்டர் ரெஜினாவ பாத்தப்புறம் அந்த எண்ணமே போச்சு, ஸ்டேஷன்ல அவ்ளோ கெத்தா இருக்கறவங்க பையன் காணோம்னதும் உள்ளுக்குள்ளயே ஒடஞ்சி போறாங்க, சித்தி அந்த எடத்துல எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தாங்க. கதிர் பண்ண எஸ்.ஐ. சக்கரையும் சூப்பர், தன்ன வளத்துவிட்ட மேடமா கேஸான்னு அவன் தவிக்கிற தவிப்பு நமக்கும் ஒட்டிக்குது. பார்த்திபன் ஃபேக்டரி தொழிலாளர் யூனியன் தலைவர், நல்லாவே பண்ணிருக்காரு.

எனக்கு ரொம்ப புடிச்சது மயானக் கொள்ளை திருவிழா. மேல்மலையனூருக்கு வருஷா வருஷம் போறவங்க நாங்க, அங்காளம்மன் வேஷம் கட்டி ஆடறத சின்ன வயசுலேர்ந்து பாத்தவங்க, அத சும்மா பாட்டுக்கு வெக்காம கதைக்குள்ளயே கோத்திருக்காங்க, பாக்கும்போது மெய் சிலிர்த்துச்சு. முதல் 4 எபிசோடு பிரம்மா, அடுத்த 4 அனுசரண் டைரக்ஷன், ரெண்டாவது பாதி கொஞ்சம் இழுக்குது, சந்தேகத்த ஆள் மாத்தி ஆள் மேல போட்டுட்டே இருக்காங்க. ஆனா ஐஸ்வர்யா ராஜேஷ் வர்ற கடைசி எபிசோட தயவுசெஞ்சி தூங்கி வழிஞ்சிட்டு பாக்காதீங்க. அமேசான் பிரைம்ல இருக்கு.