ஒரே வயிற்றுக் குட்டிகள்: ஜெர்பில் வாங்கலாமா, ஹாம்ஸ்டர் வாங்கலாமா?

மதுரையில் லவ் பேர்ட்ஸும் மீன் தொட்டியும் விற்கிற கடைகளில் ஹாம்ஸ்டர் என்கிற எலி மாதிரிக் குட்டை வால் பிராணி இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. அதே மாதிரி, ஆனால் நீள வால் உள்ள ஜெர்பில் எப்போதாவதுதான், அதுவும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எது வாங்கலாம் என்று கேட்பவர்கள் விலை என்ன, நாறுமா, கடிக்குமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் குட்டியின் அப்பாவும் அம்மாவும் எவ்வளவு நெருங்கின சொந்தம்? உடம்புக் கோளாறில் பாதி அதில்தான் இருக்கிறது. குணக்கோளாறு அப்படியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

வம்சத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டித் தாய் ஹாம்ஸ்டரையும் அதன் 11 குட்டிகளையும் எடுத்தார் இஸ்ரேல் அஹரோனி என்கிற விலங்கியலாளர். பாதை நெடுகச் செத்ததும் தப்பியோடியதும் போக ஜெருசலேமில் மிஞ்சிய சில உடன்பிறப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெருக்கியதில் வந்தவைதான் இன்று கடைகளில் இருக்கிற சிரியன் ஹாம்ஸ்டர்கள், கிட்டத்தட்ட எல்லாமே. ஜெர்பில் கதை கொஞ்சம் தேவலை. 1935இல் மங்கோலியப் பக்கத்திலிருந்து 20 ஜோடிகளை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழியில் வந்த 11 ஜோடிகள் 1954இல் அமெரிக்கா போயின, அவற்றிலும் வெகு சிலதான் பெருகின. அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. ஆக, எதை வாங்கினாலும் குறுகின வம்சத்தைத்தான் வாங்குகிறோம். அதை இன்னும் குறுக்குவதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

குறுக்குவது ரொம்ப சுலபம். “ஒரே வயித்துப் பிள்ளைகண்ணே, சண்டை போடாது” என்று ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பெட்டியில் போட்டுக் கொடுப்பார் கடைக்காரர். அதை அவர் சிறப்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அண்ணன் தங்கை சேர்ந்து போடும் குட்டிக்கு உட்கலப்புக் கணக்கு, அதாவது தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே மூதாதையின் ஒரே மரபணு வந்து சேர்கிற வாய்ப்பு, 25 சதவீதம். நம்ம ஊரில் தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கே 12.5 சதவீதம்தான், அதற்கே டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஜெர்பில் 24 முதல் 26 நாளில் குட்டி போடும், போட்ட அன்றே மறுபடி சேரவும் செய்யும். சிரியன் ஹாம்ஸ்டருக்கு 16 நாளே போதும். தீபாவளிக்கு வாங்கின ஜோடி பொங்கலுக்குள் தாத்தா பாட்டியாகக்கூட வழி இருக்கிறது.

“ஆய்வுக்கூடத்து எலிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கிறார்கள், அதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று ஒரு வாதம் வரும். 20 தலைமுறை அண்ணன் தங்கை சேர்க்கை நடந்தால்தான் அதை உட்கலப்பு வரிசை என்றே சொல்வார்கள், அது உண்மை. ஆனால் வழியில் எத்தனையோ வரிசைகள் குட்டி போடாமலும் நோய் பிடித்தும் அற்றுப்போயிருக்கும், தாக்குப்பிடித்ததைத்தான் நாம் பார்க்கிறோம். அங்கே ஒவ்வொன்றுக்கும் பதிவேடும் உண்டு. இங்கே கடையில் எது எதன் குட்டி என்று எழுதி வைத்திருக்கிற ஆள் யார்?

சரி, நோய்க்கு வருவோம். ஜெர்பிலுக்கென்றே வாய்த்தது வலிப்பு. 2 மாத வயதுவாக்கில் தொடங்கும். புது இடத்தில் விட்டால், சட்டென்று தூக்கினால், திடீர்ச் சத்தம் கேட்டால் வரும். சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிகள் பக்கம் குடியிருப்பவர்கள் கூண்டை உள் அறைக்கு மாற்றிவிடுவது நல்லது. முதலில் காது பின்னால் படியும், மீசை துடிக்கும், அப்படியே சிலையாக நிற்கும். பலமாக வந்தால் கால்கள் விரிந்து உடம்பு உதறும், எச்சில் வடியும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி கம்பு பொறுக்கப் போய்விடும். அந்த நேரத்தில் பிடிக்கவோ தண்ணீர் தெளிக்கவோ கூடாது, விட்டுவிட வேண்டும். இது பரம்பரையாக வருவது. வலிப்பு அதிகம் வருகிற வரிசை, வராத வரிசை என்று ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்துப் பிரித்தே வளர்த்திருக்கிறார்கள். அப்படியென்றால், பார்த்துச் சேர்த்தால் குறையும், வலிப்பு வருகிற இரண்டைச் சேர்த்தால் கூடும்.

ஹாம்ஸ்டர் பக்கம் இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. சிரியனில் வெள்ளையும் நிறமும் கலந்து தூவின மாதிரி ஒரு ரகம் இருக்கிறது, ரோன் என்பார்கள். பார்க்க அழகு. அந்த மரபணு உள்ள இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி கண்ணே இல்லாமலோ, கண் இருந்த இடத்தில் ஒரு சிறு புள்ளியோடோ வெள்ளையாகப் பிறக்கும். ஒரே வயிற்றுக் குட்டிகளைச் சேர்த்தால் இந்த விபத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. குள்ள ஹாம்ஸ்டரில் கேம்ப்பெல் வகைக்குச் சர்க்கரை நோய் பரம்பரையாக வருகிறது. நிறையத் தண்ணீர் குடிக்கிறது, மூத்திரமும் நிறையப் போகிறது என்றால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வாழைப்பழம், பேரீச்சை, பிஸ்கட் எல்லாம் அன்றோடு நிறுத்தம்.

பல் கோளாறு இரண்டுக்கும் பொது. முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், மேலும் கீழும் உரசித்தான் தேயும். தாடை கொஞ்சம் கோணலாகப் பிறந்துவிட்டால் உரசாது. மேல்பல் உள்பக்கமாக வளைந்து அண்ணத்தில் குத்துகிற அளவுக்கு வளரும், பசியோடு தீனிக்கிண்ணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், சாப்பிட முடியாது. சில வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் வெட்டிவிட வேண்டும், ஆயுசுக்கும். நகவெட்டியால் வீட்டிலேயே வெட்டினால் பல் நெடுக்காகப் பிளந்துவிடும். நாயும் ஆடும் பார்க்கிற டாக்டர் உள்ளங்கை அளவு பிராணிக்குப் பல் வெட்டச் சம்மதிப்பாரா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது உத்தமம். கடையிலேயே உதட்டை லேசாக ஒதுக்கிப் பாருங்கள்: மஞ்சளாக, நேராக, மேலும் கீழும் பொருந்தியிருந்தால் சரி.

ஜெர்பில் வயிற்றின் நடுவே முடியில்லாமல் நீள்வட்டமாக ஒரு திட்டு தெரியும், அது புண் இல்லை, வாசனைச் சுரப்பி. வயதான காலத்தில் அது வீங்கினால், கட்டியானால்தான் கவலை.

குணத்தில்தான் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஜெர்பில் கண்ணாடித் தொட்டியின் ஒரே மூலையை மணிக்கணக்காகப் பறண்டுவதைப் பார்த்து, சொந்தத்தில் பிறந்ததால் மூளை கெட்டுவிட்டது என்பார்கள். இல்லை. ஒடுக்கமான சுரங்கமும் அதன் முடிவில் ஒரு அறையும் வைத்து வளர்த்த குட்டிகளுக்கு இந்தப் பழக்கம் பெரும்பாலும் வரவில்லை என்று 1997இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு சாண் ஆழத்துக்கு மேல் மரச்சீவலும் வைக்கோலும் கலந்து போட்டு, உள்ளே குழாய் மாதிரி ஏதாவது புதைத்து வையுங்கள், அப்புறம் பேசலாம். கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பதற்கும், குட்டியைத் தின்பதற்கும்கூட முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்னக் கூண்டு, எட்டி எட்டிப் பார்க்கிற ஆட்கள் போன்ற தொந்தரவுகளைத்தான்.

சண்டையிலும் வம்சத்தைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. சிரியன் ஹாம்ஸ்டர் தனிக்கட்டை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டை வைத்தாலும் வளர்ந்தபின் ஒன்றையொன்று குதறிவிடும். ஜெர்பில் நேர்மாறு, தனியாக வைத்தால் சோர்ந்துவிடும், கூட்டம் வேண்டும். அதனால் உடன்பிறப்பு என்பது ஜெர்பில் விஷயத்தில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. அண்ணனும் தம்பியும் என்றால் அதைவிட நல்ல துணை கிடையாது, அண்ணனும் தங்கையும் என்றால் அதைவிட மோசமான ஜோடி கிடையாது. இரண்டு பெண்ணும் வைக்கலாம், ஆனால் வளர்ந்தபின் பகை மூளுவது பெண்களிடம் கூடுதல்.

வெயில் கணக்கும் உண்டு. கத்திரி வெயிலில் ஹாம்ஸ்டர் சுருண்டுவிடும். ஜெர்பில் வறண்ட நாட்டுப் பிராணி என்பதால் வெக்கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் முடி பிசுபிசுத்து மூக்கைச் சுற்றிச் சிவந்து புண்ணாகும். மானாமதுரைச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாய் ஓரத்தை உடைத்து வாசல் வைத்துவிட்டால் கோடையில் இரண்டுமே அதற்குள்தான் கிடக்கும்.

மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், வயல் வெள்ளெலியும் ஜெர்பில் குடும்பம்தானே, பிடித்துச் சேர்த்தால் புது ரத்தம் வருமே என்றார். குடும்பம் ஒன்றுதான், பேரினமே வேறு, குட்டி பிறக்காது. கடிபட்டுச் சாவதும் வயலிலிருந்து நோய் வீட்டுக்குள் வருவதும்தான் மிச்சமாகும்.

என் ஓட்டு ஜெர்பிலுக்கு: ஒரே வயிற்று ஆண் குட்டிகள் இரண்டு, தாய் தகப்பனைக் கண்ணால் காட்டுகிற ஆளிடமிருந்து. இரவு பத்து மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருகிறீர்கள், தரைத்தளத்தில் குளிர்ச்சியான அறை இருக்கிறது என்றால் ஒற்றை ஹாம்ஸ்டரும் தப்பில்லை, அது விழிப்பதே அந்த நேரத்தில்தான். ஆண் பெண் பார்க்கத் தெரியாத கடையில் எதையும் வாங்காதீர்கள். குட்டியை நிமிர்த்திப் பிடித்து வாலடியைப் பாருங்கள்: இரண்டு துவாரத்துக்கும் இடையே தூரம் கூடுதலாக இருந்தால் ஆண், ஒட்டினாற்போல் இருந்தால் பெண். வளர்ந்த ஆணுக்கு வாலடியில் விதைப்பை புடைத்துத் தெரியும்.

ஏற்கெனவே அண்ணன் தங்கை ஜோடி வீட்டில் இருக்கிறதென்றால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஜெர்பில் பெண் சினையாக இருந்தால் குட்டி பிறப்பதற்கு முன் ஆணை எடுத்தாக வேண்டும், பிறந்தபின் எடுத்தால் அடுத்த ஈடு ஏற்கெனவே தரித்திருக்கும். குட்டிகளில் ஒரு ஆணை, பால்குடி மறந்ததும், கம்பித் தடுப்பு வைத்துத் தகப்பனோடு மெல்லப் பழக்கிவிட்டால் தகப்பனுக்கும் துணை ஆயிற்று. பெண் குட்டிகள் தாயோடு இருக்கட்டும். மிச்சமுள்ள ஆண் குட்டிகளை 8 வாரத்துக்குள் பிரித்து, இரண்டிரண்டாகத்தான் கொடுக்க வேண்டும். வாங்கிப்போகிறவரிடம் இவற்றின் தாய் தகப்பன் யார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.