நூக்சியோ காடு: வழிகாட்டியோடா, தனியாகவா?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் பலரும் போவது பக்கத்திலுள்ள நூக்சியோ தேசியப் பூங்காவுக்கு. குழப்பம் எப்படிப் போவது என்பதில்தான்.

செலவு: வழிகாட்டியோடு போனால் ஆளுக்கு நூறு யூரோவைத் தொடலாம். தனியாகப் போனால் ரயில், பஸ் கட்டணம் மட்டும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

வழி: தனியாகப் போனாலும் தொலைய மாட்டீர்கள், பாதைகளில் வண்ணக் குறிகள் உண்டு.

சாப்பாடு: இங்கேதான் பெரிய வித்தியாசம். வழிகாட்டி தீ மூட்டி, சால்மன் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சதகுப்பை இலையும் சேர்ந்த லோஹிகெய்த்தோ சூப்பை, ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியோடு தருவார். தனியாகப் போனால் கடையில் வாங்கிய மக்காரா சாசேஜைக் குச்சியில் குத்திச் சுடலாம். விறகு பெரும்பாலும் அங்கேயே இலவசம். ஆனால் காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் திறந்த இடத்தில் தீ மூட்டக் கூடாது, அதனால் பிளாஸ்க்கில் காபியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காளான், பழம்: பின்லாந்தில் யாரும் பறிக்கலாம். நீலப்பழம் (புளூபெர்ரி வகை) பறிக்கத் துணை வேண்டாம். காளானிலோ, அதை அடையாளம் தெரிந்தவர் கூட இல்லாமல் கை வைக்காதீர்கள்.

முதல் தடவை, அதுவும் செப்டம்பர் காளான் பருவம் என்றால் வழிகாட்டிக்குக் காசு கொடுக்கலாம். ஜூலையில் குடும்பத்தோடு என்றால் நான் வழிகாட்டி இல்லாமல்தான் போவேன்.