1897 வின்செஸ்டர் பம்ப் ஷாட்கன்: பழைய அசலா, சீன நகலா?

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897, முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா மாற்றும் ‘பம்ப்’ ஷாட்கன். அதை இன்று அமெரிக்காவில் வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. 1897 முதல் 1957 வரை கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் ஆலையில் பத்து லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட அசல்களில் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். அல்லது சீனாவின் நோரின்கோ நிறுவனம் அதே அமைப்பில் செய்த நகலை வாங்கலாம். 1994-இல் சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கு அமெரிக்க அரசு தடை விதித்தபோது, விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உரிய ஷாட்கன்களை அந்தத் தடைக்குள் கொண்டுவரவில்லை. அதனால்தான் இந்த நகல் அந்நாட்டுக் கடைகளுக்கு வந்து சேர முடிந்தது. அசல் என்றாலே உயர்வு, நகல் என்றாலே மட்டம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை.

அமைப்பில் இரண்டும் ஒன்றே. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே தெரிகிறது; அதை அரைநிலையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. குழலின் கீழுள்ள முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால், தோட்டா அறையை மூடும் போல்ட் துப்பாக்கியின் பின்புறமாக வெளியே வந்து, சுத்தியலைச் சாய்த்துவிட்டு, பிடித்திருக்கும் கையின் மேலாகச் சறுக்கிச் செல்கிறது. கட்டைவிரலை உயர்த்திப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர் முதல் நாளிலேயே தோல் கிழிந்து பாடம் கற்றுக்கொள்வார். இன்னொன்றும் கவனத்துக்குரியது: சுட்டவுடன் ஏற்படும் பின்னுதைப்பில்தான் போல்ட்டின் பூட்டு விடுபடுகிறது. ஆகவே தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துப் பார்ப்பவர், முன்கட்டையைச் சற்று முன்னே தள்ளிய பிறகே பின்னே இழுக்க முடியும். இதை அறியாத பலர் துப்பாக்கி இறுகிவிட்டது என்று எண்ணிக் கடையிலேயே திருப்பி வைத்துவிடுகிறார்கள். விசையை அழுத்தியபடியே முன்கட்டையை இயக்கினால், மூடும் ஒவ்வொரு முறையும் தோட்டா வெடிக்கும் என்பதால், இயக்கும்போது விரல் விசைக்கு வெளியே இருப்பது இரண்டு துப்பாக்கிக்கும் பொதுவான, விட்டுக்கொடுக்கக் கூடாத ஒழுங்கு.

வேறுபாடு கையில்தான் தெரிகிறது. பல தலைமுறை வேட்டைக்காரர்கள் இழுத்து இழுத்துத் தேய்ந்த ஓர் அசலின் முன்கட்டை, எண்ணெய் தடவிய தாழ்ப்பாளைப் போல ஓசையின்றி ஓடுகிறது. நகலில் உட்பரப்புகள் அந்த அளவுக்கு மெருகேறாதவை. புதிதில் முரமுரப்பு தெரியும், மரக்கட்டையும் வின்செஸ்டரின் வால்நட் தரத்துக்கு வராது. சில நூறு தோட்டாக்கள் சுட்டபின் அந்த முரமுரப்பு பெரிதும் குறைகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகலின் எஃகு புதியது, தோட்டா அறையின் அளவு தெரிந்தது, யார் என்ன தோட்டா இட்டுச் சுட்டார்களோ என்ற ஐயத்துக்கு இடமில்லை. நாள் முழுதும் சுட நினைப்பவருக்கு இந்த மனநிம்மதி சிறிய விஷயம் அன்று.

அசலை வாங்குகிறவர் அந்த நிம்மதியைத் தாமே சோதித்துத்தான் பெற வேண்டும். குழல் தனியே கழன்று வரும் வகையாக இருந்தால், உடற்பகுதியில் உள்ள வரிசை எண்ணும் குழல் பகுதியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பூட்டியபின் இரண்டையும் எதிரெதிரே முறுக்கிப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஓரளவு ஆட்டத்தைச் சரிசெய்வதற்கான வளையத்தை பிரவுனிங்கின் அமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். 12 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கியின் அறை இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவை ஏற்கும். பழைய 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றின் அறையோ 2 9/16 அங்குலம் மட்டுமே. இன்றைய தோட்டா அதனுள் நுழைந்துவிடும். சுட்டபின் விரிவதற்கு இடம் போதாமல் அழுத்தம் ஏறும். அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாவைக்கூட இடக் கூடாது. இறுக்கமான சோக் (குழல் முனையின் குறுக்கம்) கொண்ட பழைய குழலில் எஃகு ரவையைச் சுடுவதும் தவறு. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை இருப்பதால், வாத்து வேட்டைக்கு அசலைக் கொண்டுசெல்ல விரும்புகிறவர் இதை முதலிலேயே எண்ணிப் பார்ப்பது நல்லது.

1897-இன் இராணுவ வடிவமான பதுங்குகுழி வகைக்கு (trench gun) வந்தால் என் தீர்ப்பில் தயக்கமே இல்லை: நகல்தான். 20 அங்குலக் குழல், அதன்மேல் துளையிட்ட வெப்பத் தடுப்பு, 1917 மாதிரி பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) மாட்டும் கொக்கி ஆகியவற்றோடு முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் பிரான்சுக்குக் கொண்டுசென்ற துப்பாக்கி அது. 1918 செப்டம்பரில் ஜெர்மனி அதைப் போர்ச் சட்டங்களுக்கு மாறானது என்று முறைப்படி எதிர்த்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அந்த எதிர்ப்பை ஏற்க மறுத்தார். அந்தக் காலத்து அசல்கள் இன்று சேகரிப்பாளர்களின் பொருள். விலையும் அதற்கேற்ப மிக உயர்ந்திருக்கிறது. சாதாரண வேட்டைத் துப்பாக்கியில் போலி இராணுவ முத்திரை குத்தி விற்கும் மோசடியும் அந்த விலையைப் பின்தொடர்ந்தே வந்தது. மெய்யான ஒன்று கிடைத்தாலும், அதன் மெருகு தேயும்படி ஒவ்வொரு வாரமும் சுட எனக்கு மனம் வராது. நகல் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

போட்டிக்கு வாங்குவதானால் கணக்கு மாறுகிறது. சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் பழைய மேற்கு அமெரிக்கப் பாணியிலான கௌபாய் சுடும் போட்டிகளில், பம்ப் வகையில் சுத்தியல் வெளியே தெரியும் துப்பாக்கிக்கே இடம் உண்டு என்பதால் 1897 அங்கே எங்கும் காணப்படுகிறது. ஒரு நேரத்தில் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் இடுவதில்லை. இடுப்பு வாரிலிருந்து இரண்டை உருவி, ஒன்றைத் திறந்த வாயிலில் போட்டு மூடிச் சுட்டு, அடுத்ததை இட்டு மீண்டும் சுடும் அந்தத் தாளத்தில், முன்கட்டை தடுமாறாமல் ஓடுவதுதான் நொடிகளை மிச்சப்படுத்துகிறது. இங்கே நான் அசலின் பக்கம். ஆனால் அருங்காட்சிக்குரிய அசலை அல்ல. நீலமெருகு போய், கட்டையில் கீறல் விழுந்து, உள்ளே மட்டும் உறுதியாக இருக்கும் எளிய வேட்டைத் துப்பாக்கியைச் சொல்கிறேன். வரிசை எண்ணோடு ‘E’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த பிற்காலத்தவை, பல திருத்தங்களுக்குப் பின் வந்தவை என்பதால் முதலில் தேடத் தக்கவை.

சட்டத்திலும் இரண்டும் ஒரே நிலையில் இல்லை. 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டப்படி தொல்பொருள் துப்பாக்கிகள். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளின் 1897-கள் அந்த வகைக்குள் வருகின்றன. ஐம்பது ஆண்டு கடந்தவை சேகரிப்பு உரிமத்தின் கீழ் வாங்கத் தக்கவை என்பதால் மற்ற அசல்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. நகலைக் கடையில் வாங்குகிறவர் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையைக் கடந்தே பெற வேண்டும். மாநிலச் சட்டங்கள் இவற்றுக்கு மேல் தனி.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. 30 அங்குலக் குழல் மாறாமல் வந்த நல்ல அசலைப் போட்டிக்காக 20 அங்குலமாக அறுக்கும் வழக்கம் நெடுங்காலமாக நடக்கிறது. குட்டைக் குழல்தான் வேண்டும் என்றால் நகலிலேயே அது இருக்கிறது. முன்பே யாரோ அறுத்துவிட்ட அசல்களும் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன.