உங்க ஊருக்கு எம்.பி. யாரு? டர்பன் ஓட்டும் மொரிஷியஸ் ஓட்டும்

2024 நவம்பரில் மொரிஷியஸில் ஓட்டு எண்ணி முடிந்த ராத்திரி, அங்கே காத்ர் போர்ன் ஊரில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து போன் போட்டேன். "அறுபதுக்கு சைபர் தம்பி, திரும்பவும்!" என்றார். ஒரே கூட்டணி அறுபது இடத்தையும் அள்ளியது 1982, 1995, இப்போது 2024. பேச்சு வாக்கில், "ஆமா, உங்க ஊருக்கு எம்.பி. யாரு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. என் தெருவில் யாரைக் கேட்டாலும் வராது. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஓர் ஆள் கிடையாது. கட்சி தானாக ஓர் எம்.பி.யை ஒரு வட்டாரத்துக்கு ஒதுக்கிவிடுவது உண்டு. அவரை நான் தேர்ந்தெடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அண்ணன் தொகுதியில் மூன்று பேர். "மூணு பேரு நம்பரும் என்கிட்ட இருக்கு" என்றார், கொஞ்சம் பெருமையாகத்தான்.

எனக்கும் சொல்லிக்கொள்ள ஒரு கணக்கு இருந்தது. இங்கே 400 இடம். 2024 மே தேர்தலில் ஆளுங்கட்சியான ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) வாங்கியது 40 சதவீதம் ஓட்டு, கிடைத்தது 159 இடம். போட்ட ஓட்டும் கிடைத்த நாற்காலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஓட்டுக்கேற்ற விகிதத்தில், கட்சி தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து ஆள் எடுப்பதுதான் இங்கே முறை. மொரிஷியஸில் பிரதான தீவில் 20 தொகுதி, தொகுதிக்கு மூன்று பேர், வாக்காளர் மூன்று பெயருக்குக் குறி போட வேண்டும். பெரும்பாலோர் ஒரே கூட்டணியின் மூவருக்கும் மொத்தமாகக் குத்திவிடுவார்கள். அதனால் சுமார் 62 சதவீத ஓட்டு வாங்கியவர்களுக்கு அந்த 60 இடமும் போனது. நாலில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கிய எதிரணிக்குத் தொகுதியில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 'பெஸ்ட் லூசர்' ஏற்பாட்டில், தோற்றவர்களில் முன்னால் நின்ற இரண்டு பேர்தான் அந்த அணிக்காக உள்ளே போனார்கள். 2019இல் இன்னொரு கூத்து: 38 சதவீதத்தைக்கூடத் தொடாத கூட்டணிக்கு 70இல் 42 இடம்.

"ஆட்சி நிலையா இருக்குமே தம்பி" என்பது அண்ணனின் வாதம். டர்பனிலும் இதைச் சொல்லிப் பட்டியல் முறையைத் திட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் 1982 ஜூனில் அறுபதையும் அள்ளிய அரசு அடுத்த மார்ச்சுக்குள் உடைந்தது. 1983 ஆகஸ்டில் மறுபடி தேர்தல். 1995இன் கூட்டணியும் 1997இல் பிரிந்தது. எதிரே ஆளில்லாத வீட்டில் சண்டை உள்ளுக்குள்ளேயே முளைக்கும்.

விகிதாச்சார முறையின் நல்ல பக்கத்தை எனக்குப் புரிய வைத்தது மளிகைக் கடை ரசீதுதான். 2025 பட்ஜெட்டில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 17 ஆக்கத் திட்டம். ஏ.என்.சி.க்குத் தனிப் பெரும்பான்மை இருந்திருந்தால் அன்று மாலையே முடிந்திருக்கும். கூட்டாளிக் கட்சிகள் ஒத்துக்கொள்ளாததால் பிப்ரவரியில் பட்ஜெட் உரையே தள்ளிப்போனது. மார்ச்சில் அரை அரை சதவீதமாக ஏற்றுவதாக வந்தார்கள். ஏப்ரலில் அதையும் கைவிட்டார்கள். இரண்டு மாதம் இழுபறி, ராண்ட் நாணயத்தின் ஆட்டம், டிவியைத் திறந்தால் ஒரே கூச்சல். ஆனால் கடை ரசீதின் அடியில் இன்னும் 15 என்றுதான் இருக்கிறது.

அப்புறம் நம்மைப் போன்ற சின்னக் கூட்டம். இந்திய வம்சாவளியினர் இந்த நாட்டில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வேரூன்றிய மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சி, அமிச்சந்த் ராஜ்பன்சியின் கட்சி, 1999இல் கிடைத்த கொஞ்ச ஓட்டையெல்லாம் சேர்த்து ஓர் இடம் வாங்கியது. குறைந்தபட்ச சதவீதம் என்ற வேலி இங்கே இல்லாததால் முடிந்தது. அந்த ஓர் இடத்துக்கு வந்த மவுசைப் பாருங்கள்: ஏ.என்.சி. அன்று 266, மூன்றில் இரண்டு பங்குக்கு 267 வேண்டும். ராஜ்பன்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2004இல் இரண்டு இடம்; 2014இல் ஒன்றுமில்லை.

மொரிஷியஸில் சிறுபான்மையைக் காக்க வேறு வழி வைத்திருக்கிறார்கள், முன்னே சொன்ன பெஸ்ட் லூசர் ஏற்பாடுதான் அது. அரசியல் சாசனம் மக்களை நாலு பெட்டியில் போடுகிறது: இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள். தமிழருக்குத் தனிப் பெட்டி கிடையாது, இந்துவில் சேர்த்தி. பெஸ்ட் லூசர் கணக்குக்கு இன்னமும் 1972ஆம் ஆண்டுக் குடிமதிப்புதான். வேட்பாளர் தன் சமூகத்தை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சரியில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் சொன்னது. எனக்கும் அது உறுத்துகிறது. நிறவெறிக் காலத்தில் இந்தியருக்கென்று தனி அவை வைத்து எங்களைப் பெட்டிக்குள் அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு, ஓட்டுப்போடும் இடத்தில் சாதி இன முத்திரை தாங்காது. பட்டியல் முறையில் நான் யார் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, இதன் கெட்ட பக்கத்துக்கு வருவோம். சின்னக் கட்சிக்கு மவுசு எல்லை மீறிப் போவதும் உண்டு. 2023இல் ஜோகன்னஸ்பர்க் மாநகர மன்றத்தின் 270 பேரில் வெறும் மூன்று பேர் வைத்திருந்த அல் ஜமா கட்சிக்கு மேயர் பதவி போனது. பெரிய கட்சிகள் ஒருவரை ஒருவர் தடுக்கச் செய்த ஏற்பாடு. ஆனாலும் என் பெரிய குறை அது இல்லை, பட்டியல்தான். பெயர் வரிசையைக் கட்சித் தலைமை எழுதுகிறது, நான் கட்சிக்கு மட்டும் குறி போடுகிறேன். கட்சியை விட்டு நீங்கினால் எம்.பி. பதவியும் போய்விடும். அதனால் அவர் முகம் பார்ப்பது வரிசை எழுதுகிறவரை, என்னை அல்ல. 2024இல் தேசிய வாக்குச்சீட்டில் 52 கட்சி. மடித்து மடித்துப் பெட்டிக்குள் திணிக்க வேண்டியிருந்தது. அத்தனை நீளத்தில் ஒரு மனிதர் பெயரை நானாகத் தேர்ந்தெடுக்க இடமில்லை. சுயேச்சைக்கு வழிவிட வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, தேசியச் சீட்டோடு தரும் பிராந்திய வாக்குச்சீட்டில் அவர்கள் பெயரும் வந்தது. ஒருவரும் ஜெயிக்கவில்லை.

அண்ணன் ஊரில் தைப்பூசக் காவடிக்கு மூன்று எம்.பி.க்களும் கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். போட்டோவுக்குத்தான் வருகிறார்கள் என்று அவரே சொல்வார். இருந்தாலும் வருகிறார்கள், சந்தில் தார் போடவில்லை என்று நேரே கேட்க முடிகிறது.

இரண்டையும் சேர்த்துக் கலக்க முடியாதா என்றால், முடியும், இரண்டு நாட்டுக்கும் தெரியும். மொரிஷியஸ் முறையைச் சீர்திருத்த 2001இல் அமைத்த ஆணையத்துக்குத் தலைவர் எங்கள் நாட்டு நீதிபதி ஆல்பி சாக்ஸ். ரோட்ரிக்ஸ் தீவின் இரண்டையும் சேர்த்துத் தொகுதி இடம் 62 அப்படியே இருக்கட்டும், 10 சதவீதத்துக்கு மேல் வாங்கும் கட்சிகளுக்குப் பட்டியலில் இன்னும் 30 இடம் சேருங்கள் என்றார். இன்றுவரை நடக்கவில்லை. 2018இல் வந்த மசோதாவும் நாலில் மூன்று பங்கு ஆதரவு இல்லாமல் நின்றுபோனது. இங்கே 2003இல் வான் ஸைல் ஸ்லாபர்ட் குழு 300 பேரை 69 தொகுதிகளிலிருந்தும், 100 பேரைப் பட்டியலிலிருந்தும் எடுக்கச் சொன்னது. அதுவும் அலமாரியில். ஒரு கட்சி எத்தனை ஓட்டு வாங்கியது என்பதைச் சிதைக்காமல் ஊருக்கு ஆளும் தரும் கணக்கு அது. ஜெயித்த கட்சிக்கு, ஜெயிக்க வைத்த முறையை மாற்ற மனசு வருமா?

இதில் வேடிக்கை, மொரிஷியஸைச் சேர்ந்த அந்த ரோட்ரிக்ஸ் தீவின் பிராந்திய மன்றத்தில் தொகுதியும் பட்டியலும் கலந்துதான் தேர்தல். எங்கள் மாநகராட்சியிலும் அதே: வார்டு ஆளுக்கு ஒரு வாக்குச்சீட்டு, கட்சிக்கு ஒரு வாக்குச்சீட்டு. போன மழைக்கு எங்கள் தெருவில் குழாய் உடைந்து இரண்டு நாள் தண்ணீர் ஓடியபோது நான் கூப்பிட்டது கவுன்சிலரைத்தான். அவர் ரப்பர் செருப்போடு வந்து நின்றார்.

அந்த நம்பரை அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "எங்க ஊருக்கும் ஒருத்தர் இருக்காரு" என்று எழுதினேன். "போன் எடுப்பாரா?" என்று பதில் வந்தது. முதல் தடவை எடுக்க மாட்டார். மூன்றாவது தடவை எடுப்பார்.