சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறீர்களா? கிரான்டேபை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகளின் பட்டியலை) ஒருமுறை திறந்து பாருங்கள்

மாதச் சந்தா கட்டி ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் சர்வரை ஒப்படைத்துவிட்டு, ஐந்து மாதம் ஏமாந்த கதை இது. பெயர் வேண்டாம். இதே வித்தையை வேறு யாரும் உங்களிடம் காட்டக்கூடும், அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது பைத்தானில் எழுதிய நோட்டிஃபிகேஷன் சர்வர். ஒரே ப்ராசஸ், ஒரே த்ரெட்; அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். தொடங்கிய அன்று சிபியு 3 சதவீதம் காட்டும். கோரிக்கைகளின் எண்ணிக்கை கூடவில்லை, ஆனாலும் சிபியு நாளுக்கு நாள் ஏறி, ஒரு வாரத்துக்குள் 25-ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். அப்போது ஒரு செய்தி போய்ச் சேர அரை நிமிடம் ஆகும்.

"25 சதவீதம்தானே சார், முக்கால்வாசி சும்மா கிடக்கிறது" என்றார்கள். நம்பினோம். 4 கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உள்ள இயந்திரத்தில் 25 என்றால் ஒரு கோர் முழுக்க நிரம்பிவிட்டது என்று பொருள்; ஒரே த்ரெடில் ஓடும் ப்ரோகிராம் அதற்கு மேல் போக வழியில்லை. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளை ஒரு முழு கோரை 100 என்று கணக்கிடும்; அதில் அந்த ப்ராசஸுக்கு நேராக 100 என்று இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை, நான் உள்பட.

அப்புறம் ட்ராஃபிக் கூடிவிட்டது என்று சொல்லி 8 கோருக்கு மாற்ற வைத்தார்கள். கில்லாடித்தனம் இங்கேதான். இரண்டு வாரம் கழித்து கிராஃபை அனுப்பி, "பாருங்கள், உச்சமே 12.5 தான்" என்றார்கள். நிரம்பியிருந்தது அதே ஒரு கோர். வகுக்கும் எண் 4-லிருந்து 8 ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

புகார் நிற்காததால் "டியூனிங்" செய்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம். வேகம் நிஜமாகவே திரும்பியது. இரண்டு மாதம் நிம்மதி. ஒருநாள் காலை வேறு எதற்கோ ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போட்டபோது ப்ராசஸின் வயது கண்ணில் பட்டது: 7 மணி நேரம். நாங்கள் யாரும் ரீஸ்டார்ட் செய்யவில்லையே! கிரான்டேபைத் திறந்தால் ஒரே ஒரு வரி. தினமும் அதிகாலை 3 மணிக்கு ரீஸ்டார்ட். அதுதான் டியூனிங்.

ரீஸ்டார்ட் செய்தால் தடயமும் சேர்ந்து போய்விடும். அந்த வரியை எடுத்துவிட்டு, வேண்டுமென்றே நான்கு நாள் ஏறவிட்டேன். பிறகு பை-ஸ்பை. ஓடும் ப்ராசஸை நிறுத்தாமலே எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்று காட்டும் கருவி. எப்போது எடுத்தாலும் அதே இடம்: இணைப்புகளின் பட்டியலை நொடிக்கு ஒருமுறை முழுதாகச் சுற்றி வரும் லூப். அந்த நேரத்தில் உயிரோடு இருந்த இணைப்புகள் 1,200 சொச்சம். பட்டியலில் இருந்தவை 2 லட்சத்துக்கு மேல். நெட்வொர்க் அறுந்தால் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை இடைமறிக்கும் பிழை) வந்து, பட்டியலிலிருந்து நீக்கும் வரியைத் தொடாமலே ஃபங்ஷன் முடிந்துவிடுகிறது. அந்த வரியை, பிழை வந்தாலும் கட்டாயம் ஓடும் ஃபைனலி பிளாக்குக்குள் நகர்த்தினேன். பிழை எங்களுடையதுதான், மறுக்கவில்லை. அரை நாள் வேலை, ஐந்து மாதம் இழுத்தது.

உங்களிடம் யாராவது பெரிய இயந்திரம் வாங்கச் சொன்னால், மொத்த சதவீதத்தை ஒதுக்கிவிட்டு கோர் வாரியாகக் கேளுங்கள். ப்ராசஸ் எப்போது தொடங்கியது என்றும் கேளுங்கள். கோரிக்கை எண்ணிக்கையின் கிராஃபைப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்; அது தட்டையாக இருந்து சிபியு மட்டும் ஏறினால் எதுவோ உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஒப்பந்தத்தில் கண்காணிப்பு என்றுதான் இருக்கிறது, காரணம் கண்டுபிடிப்பது இல்லை" என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம். கடைசி பில்லிலும் டியூனிங் என்று ஒரு வரி இருந்தது.