நாயோடு கனூவில் காட்டுக்கு: ஏரி ஏரியாகப் போவதா, ஒரே கரையில் தங்குவதா, வீட்டில் விடுவதா?

மணி எங்கள் வீட்டு நாய். லாப்ரடோர் கலப்பு, 27 கிலோ, கறுப்பு நிறம், இப்போது எட்டு வயது. அவனோடு ஐந்து முறை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள அல்கோன்குவின் பூங்காவுக்குள் கனூ என்னும் துடுப்புப் படகில் போய்த் தங்கியிருக்கிறோம். ஒருமுறை யோசித்தே வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். ரொறன்ரோவில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். கோடை நெருங்கியதும் "நாயையும் கூட்டிப்போகலாமா?" என்று கேட்கிறார்கள். எடுத்த எடுப்பில் ஆம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. என்ன மாதிரிப் பயணம் என்று முதலில் தெரிய வேண்டும்.

வழிகள் மூன்று. நாளுக்கொரு ஏரியாக நகர்ந்து, ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவது ஒன்று. ஒரே ஏரிக்கரையில் கூடாரம் அடித்து மூன்று இரவு அங்கேயே இருப்பது இன்னொன்று. நாயை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது மூன்றாவது. மூன்றையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: நாய்க்கு ஏதாவது நேர்ந்தால் காருக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும்? மனிதருக்கு ஆபத்து என்றால் செயற்கைக்கோள் கருவியின் பொத்தானை அழுத்தலாம், மீட்பவர்கள் வருவார்கள். நாய்க்காக அப்படி யாரும் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. தூக்கிக்கொண்டு வர வேண்டியவர்கள் நாம்தான்.

வட்டப் பயணத்தின் இன்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரி முடிகிற இடத்தில் மஞ்சள் பலகை தெரியும். அங்கிருந்து படகையும் மூட்டைகளையும் தோளில் ஏற்றி அடுத்த ஏரிவரை நடக்கும் காட்டுப் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். இரண்டு மணி நேரம் படகில் அடங்கிக் கிடந்த நாய்க்கு அந்தப் பாதைதான் திருவிழா. மணி இறங்கியதும் உடம்பை ஒருமுறை உதறுவான். பிறகு மூக்கை மண்ணில் வைத்தால் மறுகரை வரும்வரை எடுக்க மாட்டான். இரவில் கட்டையாகத் தூங்குவான்.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. பூங்காவின் வரைபடத்தில் போர்ட்டேஜ்கள் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். சில, நூறு மீட்டர்கூட வராது. டிக்சன் ஏரிக்கும் பொன்ஃபீல்ட் ஏரிக்கும் இடையில் உள்ளது 5,305 மீட்டர். பெரும்பாலானவர்கள் சாமான்களை இரண்டு நடையாகக் கொண்டுபோவார்கள். போய், வந்து, மறுபடி போக வேண்டும் என்பதால் ஒரு கிலோமீட்டர் பாதை மூன்று கிலோமீட்டர் ஆகிறது.

எங்களுடைய இரண்டாவது பயணத்தில், மூன்றாம் நாள் காலையில், அப்படியொரு பாதையில்தான் மணியின் முன்னங்கால் கிழிந்தது. நாங்கள் உடனே கவனிக்கவில்லை. முன்னால் போன மச்சான், "இது யாருடைய இரத்தம்?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். வெளிறிய பாறையில் நாலைந்து அடிக்கு ஒன்றாகக் காசளவு சிவப்புப் பொட்டுகள். அடிப்பாதத்தின் தடித்த தோல் ஒரு மூலையில் மூடி போலத் திறந்து நின்றது. கழுவி, துணி சுற்றி, அதன் மேல் என் கம்பளிக் காலுறையை மாட்டினோம். பத்தடி நடந்து காலுறையைக் கடித்து இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு மூட்டை ஒரு நடை, படகு ஒரு நடை, நாய் ஒரு நடை. ஒரு கிலோமீட்டர் ஐந்து கிலோமீட்டராக மாறியது. காருக்குப் போக இன்னும் மூன்று போர்ட்டேஜ்கள் இருந்தன. வந்த வழியே திரும்பினாலும் அதே தொலைவு. 27 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கலாம். வலியில் நெளிகிற 27 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு வேரும் கல்லுமாக இருக்கும் பாதையில் இறங்குவது வேறு. அன்று இரவு மச்சானும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

வட்டப் பயணம் நாய்க்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. 15 கிலோவுக்குள் உள்ள, இரண்டு வயது தாண்டிய, வாரம் முழுவதும் கரடுமுரடான தரையில் நடந்து பழகிய நாய்க்கு அது நன்றாகவே பொருந்தும். தோளில் போட்டுக்கொண்டு வர முடிகிற நாய் என்பதுதான் என் எல்லைக்கோடு. அதற்கு மேல் எடையுள்ள நாயோடு போகிறவர்கள் போர்ட்டேஜ்களைக் கூட்டிப் பார்த்து, அதை ஐந்தால் பெருக்கி, அந்தத் தொலைவை நடக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரே கரையில் தங்கும் பயணத்துக்கு நாங்கள் மாறியது அதற்குப் பிறகுதான். நாங்கள் போவது கனூ ஏரி வழியாக டாம் தாம்சன் ஏரிக்கு. 1917இல் கனூ ஏரியில் இறந்துபோன ஓவியரின் பெயர் அந்த ஏரிக்கு. கனூ ஏரியின் வடக்கு முனையில் அணையைச் சுற்றி 295 மீட்டர் நடை. அதைத் தாண்டினால் ஜோ ஏரி, டீப்பி ஏரி, லிட்டில்டோ ஏரி என்று தண்ணீரிலேயே போய்ச் சேரலாம். ஒரே ஒரு போர்ட்டேஜ். மணிக்கு எது நடந்தாலும் அரை நாளுக்குள் காரில் இருப்போம். மேற்கு வாசலைத் தாண்டினால் ஹன்ட்ஸ்வில் நகரம்.

இன்னொரு நன்மை மெதுவாகத்தான் புரிந்தது. புது இடத்தில் முதல் இரவு நாய் தூங்குவதில்லை. கூடாரத்துக்கு வெளியே ஒவ்வொரு சத்தத்துக்கும் காதை நிமிர்த்தும், உறுமும். லூன் பறவை நள்ளிரவில் கூவினால் மணி எழுந்தே நின்றுவிடுவான். இரண்டாவது இரவு பாதி அடங்குவான். மூன்றாவது இரவு என் காலடியில் சுருண்டுவிடுவான். வட்டப் பயணத்தில் அந்த மூன்றாவது இரவு வருவதே இல்லை. தினமும் முதல் இரவுதான்.

முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே திறந்துவிடும். நமக்குக் கிடைப்பது ஏரிக்கான அனுமதி மட்டும். அந்த ஏரியில் எந்த முகாமிடம் என்பது முதலில் வருபவர் விருப்பம். மாலை ஐந்து மணிக்கு, பசித்த நாயோடு, ஆரஞ்சுப் பலகை தெரியும் ஒவ்வொரு கரையாகப் போய் ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பது சோர்வான வேலை. ஒரே இடத்தில் தங்குபவருக்கு அந்தத் தேடல் ஒருநாளோடு முடிந்துவிடும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. நகராத நாளில் நாய்க்குப் பொழுது போகாது. நாம் தடியை ஏரிக்குள் எறிவோம், அது நீந்திப்போய் எடுத்து வரும், நாம் மறுபடி எறிவோம். ஒரு ஜூன் மாதம் முழு மதியமும் மணியோடு அப்படி விளையாடினோம். மறுநாள் காலையில் அவன் வால் அடியிலிருந்து இரண்டு விரல் நீளம் நேராக நின்று, அதன் பிறகு ஒடிந்த கிளை போலத் தொங்கியது. உட்காரவே மறுத்தான். எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்தோம். குளிர்ந்த நீரில் நெடுநேரம் நீந்தும் லாப்ரடோர் வகை நாய்களுக்கு வால் தசை நொந்து இப்படி வருவதுண்டு, சில நாளில் தானாகச் சரியாகும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அப்படியே சரியானது. தடியைக் கவ்வும்போது விழுங்கும் தண்ணீர் அதைவிடப் பெரிய ஆபத்து: அளவு மீறினால் இரத்தத்தில் உப்புக் குறைந்து உயிருக்கே உலை வைக்கும். இப்போது பத்து நிமிடம் விளையாட்டு, அரை மணி நேரம் நிழல்.

இன்னொரு குறை, கயிற்றை அவிழ்த்துவிடும் ஆசை. நாலு நாள் ஒரே கரையில் இருந்தால் அது நம் வீட்டு முற்றம் போல ஆகிவிடும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் நாய்க்கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆளில்லாத உட்காட்டுக்கும் அதே விதிதான். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். லூன்கள் நீர்விளிம்பிலேயே கூடு வைக்கின்றன. முள்ளம்பன்றியின் முட்களில் நுனியிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் அவை உள்ளே உள்ளேதான் போகும். கரடியைத் துரத்திப் போகும் நாய், கரடி திரும்பினால் ஓடி வருவது நம்மிடம்தான்.

படகையும் இங்கேயே ஒப்பிட்டுவிடலாம், ஏனென்றால் அது பயணத்தின் விதத்தோடு ஒட்டியது. கெவ்லார் என்ற இலேசான செயற்கை இழையால் ஆன 17 அடிப் படகு 20 கிலோவை ஒட்டி இருக்கும். அதே நீள அலுமினியப் படகு 34 கிலோ. போர்ட்டேஜ் அதிகமானால் கெவ்லாரைத் தவிர வழியில்லை. ஆனால் நாயின் நகம் அதன் மெல்லிய தரையில் கீறிக்கொண்டே இருக்கும். ஒரு வாடகைக் கடையில் நாயும் வருகிறது என்று சொல்லியே கெவ்லார் எடுத்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. திரும்பக் கொடுத்தபோது கீறலுக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். அலுமினியம் கீறலுக்கு அஞ்சாது. ஆனால் வெயிலில் தோசைக்கல்லாகச் சுடும், காலையில் பனிக்கட்டியாகக் குளிரும், நாய் திரும்பிப் படுத்தால்கூட ஏரி முழுக்கக் கேட்கும். ஒரே போர்ட்டேஜ் உள்ள பயணத்துக்கு நான் அந்த 14 கிலோவைச் சுமக்கத் தயார். எந்தப் படகானாலும் 16 அடியை விட்டு 17 அடியே எடுங்கள். தரையில் பழைய யோகா விரிப்பை வெட்டிப் போடுங்கள். காலடியில் பிடிப்பு கிடைத்த நாய் படுத்துவிடும். வழுக்குகிற நாய் நின்றுகொண்டே இருக்கும், நிற்கிற நாய்தான் படகைக் கவிழ்க்கும். நாய்க்கான மிதவை அங்கியில் முதுகுப் பக்கம் கைப்பிடி இருக்க வேண்டும். நாயைப் படகோடு கட்டவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட.

மாதங்களில் ஜூன், செப்டம்பர் இரண்டையும் ஒப்பிட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முழுக்கக் கறுப்பு ஈக்களும் கொசுக்களும். கறுப்பு ஈ நாயின் மயிரற்ற வயிற்றையும் காதின் உட்புறத்தையும் தேடிக் கடிக்கும். பூச்சிகளை விரட்ட நாம் பூசும் டீட் மருந்து நாய்க்கு நஞ்சு, எனவே அதற்கு ஒதுங்க இடமே இல்லை. செப்டம்பரில் பூச்சிகள் ஓய்ந்துவிடும், பகல் வெயில் இதமாக இருக்கும். இரவு குளிரும்; நாய்க்கும் தரையிலிருந்து காக்க ஒரு விரிப்பு வேண்டும். உண்ணி இரண்டு பருவத்திலும் உண்டு. லைம் நோய்க்கான தடுப்பையும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். டின் உணவுக்கு உட்காட்டில் தடை. உலர் உணவுதான், அதுவும் இரவில் நம் உணவோடு சேர்த்துக் கரடிக்கு எட்டாத உயரத்தில்.

இனி மூன்றாவது வழி. நாயை விட்டுப் போவதைப் பலர் துரோகம் போல நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். மணிக்கு ஆறு வயதில் பின்னங்கால் மூட்டில் வீக்கம் வந்த வருடம், நாங்கள் நீண்ட வட்டம் ஒன்றுக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தோம். அவனை அம்மா வீட்டில் விட்டோம். நாய் விடுதியைவிட அதுவே மேல் என்று நினைத்தேன்: விடுதியில் முப்பது நாய்களின் குரைப்பு, தொற்று இருமல் வேறு. அம்மா யாழ்ப்பாணத்தில் முற்றத்து நாய்களுக்குச் சோறு வைத்து வளர்ந்தவர். "அதை ஏன் பிள்ளை தண்ணீருக்குள்ளும் காட்டுக்குள்ளும் இழுத்துக்கொண்டு போகிறாய்? இங்கே இருக்கட்டும்" என்று எப்போதும் சொல்வார். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. சொன்னதும் கேட்டுக்கொண்டார், வெறும் சோறும் அவித்த கோழியும் கொடுத்தார். நாலு நாள் கழித்து நாங்கள் வந்தபோது மணி கதவடிக்கு வந்து வாலாட்டிவிட்டு, திரும்பிப் போய் அம்மாவின் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொண்டான்.

மூட்டு நோய் உள்ள நாய், ஒரு வயது நிரம்பாத குட்டி, இடிக்கு நடுங்கும் நாய், ஒவ்வொரு சத்தத்துக்கும் குரைக்கும் நாய் ஆகியவற்றுக்கு என் கணக்கில் வீடுதான் முதலிடம். திறந்த ஏரியில் இடி தொடங்கினால் கரை சேர இருபது நிமிடம் ஆகலாம். அஞ்சி நடுங்கும் நாயோடு அந்த இருபது நிமிடத்தைக் கடக்க நான் விரும்ப மாட்டேன்.

இந்த வருடம் செப்டம்பரில் டாம் தாம்சன் ஏரிக்கு மூன்று இரவுகள் பதிவு செய்திருக்கிறோம், 17 அடி அலுமினியப் படகு. அதற்கு முன் ஆகஸ்டில் ஒருநாள் பக்கத்து ஏரியில் மணியைப் படகில் ஏற்றிப் பார்ப்போம். கரையிலிருந்து படகுக்குள் தானாகக் கால் வைத்தால் வருவான். நாம் தூக்கி வைக்க வேண்டியிருந்தால் அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.